அளவு சொல்லி விற்கட்டும் கிட்டாரை

ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் ஆறே மாதத்தில் பரணுக்குப் போய்விடுகிறது. ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று எங்கள் பக்கத்து வீடுகளில் இப்படிப் பரணேறிய கிட்டார்களை நிறையப் பார்க்கிறேன். பெற்றோரைக் கேட்டால், "அவனுக்கு ஆர்வம் போயிடுச்சுங்க" என்பார்கள். பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "சுதியே நிக்கலண்ணே" என்பான். பையன் சொல்வதுதான் உண்மை.

மலிவு கிட்டார் என்றாலே மட்டமான பொருள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டுவதால் நெக்கின் குறுக்கே பதித்த ஃபிரெட்டுகளும் சரியான இடத்தில் விழுகின்றன. கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது சின்னச் சின்ன உருப்படிகளில்தான்: நட், டியூனிங் சாவி, பிரிட்ஜ், வால்யூம் கன்ட்ரோல், ஸ்விட்ச், ஜாக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப். இவற்றை வீட்டு மேசையில் வைத்தே திருத்தலாம், முடியாவிட்டால் மாற்றலாம். அதற்குக் குறுக்கே நிற்பது ஒன்றுதான். விற்கிறவர்கள் எந்த உருப்படிக்கும் அளவு சொல்வதில்லை. அளவை அச்சிட்டு விற்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். குடியிருப்பு ஜோலார்பேட்டை. காலையில் ரயிலேறினால் கேத்தாண்டப்பட்டி, வாணியம்பாடி, விண்ணமங்கலம் தாண்டி ஆம்பூர். ஃபிளாட் பெட், போஸ்ட் பெட் என்று லைனில் நிற்கும் மெஷின்களில் நூல் அறுந்தாலும் ஊசி உடைந்தாலும் எனக்குத்தான் குரல் வரும். ஊசிக்கும் ஹூக்குக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் தப்பினாலும் தையல் விட்டுப்போகும். அந்த வேலை பழக்கிய கண்ணோடுதான் கிட்டாரையும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பேன். மற்ற நாள் சாயங்காலங்களில் பிள்ளைகள் கொண்டுவரும் கிட்டார்கள் என் மேசையில் கிடக்கும்.

ஜோலார்பேட்டைக்குக் கிட்டார் நேற்று வந்த பொருள் இல்லை. 1864இல் இங்கிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கி ஊர் ஜங்ஷன் ஆனது. அரக்கோணம், போத்தனூர், பெரம்பூர் போலவே இங்கேயும் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் நடனமும், அதற்கு வாசிக்க ஒரு குழுவும் அந்தக் காலனிகளின் வழக்கம். அப்போது கிட்டார் கிடைப்பதே அரிது. 1991க்கு முன்பு வெளிநாட்டு வாத்தியத்தை இறக்குமதி செய்வது எளிய காரியம் இல்லை. கிவ்சன், ஹோப்னர் என்று கல்கத்தாவில் செய்த கிட்டார்கள்தான் நம்மவர்களின் கைக்கு எட்டின. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் அதே கிட்டார்தான். கரகரவென்று சத்தம் வந்தால் ரேடியோ மெக்கானிக்கிடம் போவார்கள். ஃபிரெட் எழும்பினால் தச்சர் தட்டிக் கொடுப்பார். பிரிட்ஜ் உடைந்தால் லேத் பட்டறை. இதையெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று கிட்டார் மலிந்துவிட்டது, செப்பனிடும் பழக்கம் போய்விட்டது. இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தப் பிள்ளைகள் வாங்கும் மலிவு கிட்டார்களில் பெரும்பாலானவை ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற வடிவத்தின் நகல். 1954இல் அதைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர் அவர். அதனால்தான் அந்த வடிவத்தை அப்படி அமைத்தார்: நாலு ஸ்குரூவைக் கழற்றினால் நெக் தனியாக வந்துவிடும், முன்பக்கத் தகட்டைத் தூக்கினால் பிக்கப், கன்ட்ரோல், ஸ்விட்ச் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு மொத்தமாக வரும். ஒரு மெக்கானிக், இன்னொரு மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, திறந்தால் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையே இல்லை.

என்னிடம் வரும் பையன்கள் முதலில் கேட்பது பிக்கப்பைப் பற்றித்தான். "பிக்கப் மாத்தினா சவுண்டு நல்லா வருமாண்ணே?" வரும். ஆனால் சுதி நிற்காத கிட்டாரில் உயர்ந்த பிக்கப்பைப் போட்டால், சுதி நிற்காதது இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பிக்கப் செட் ஒன்றின் விலை கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். எனவே வேலையைத் தலைப்பக்கத்திலிருந்து, நட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

நட் என்பது நெக்கின் மேல் முனையில் ஆறு கம்பிகளும் படிந்து நிற்கும் சிறு கட்டை. மலிவு கிட்டாரில் அது உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக். ஒரு சோதனை சொல்கிறேன். மூன்றாவது ஃபிரெட்டுக்குச் சற்று முன்னால் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். பல மலிவு கிட்டார்களில் நாலைந்து காகிதம் தாராளமாக நுழைகிறது. நட்டின் பள்ளங்களைத் தொழிற்சாலையில் ஆழமாக அறுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அதன் பலன் என்ன? எஃப் கார்டு பிடிக்கும் பிள்ளைக்கு விரல் நுனி எரிகிறது. வலிக்க வலிக்க அழுத்தினால் கம்பி இழுபட்டு சுதி ஏறிவிடுகிறது. டியூனரில் சரியாக நின்ற கிட்டார், கார்டு பிடித்ததும் அபஸ்வரம் பேசுகிறது. தனக்குக் காதும் இல்லை, விரலும் இல்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறான். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் செய்கிற வேலை இது. இந்த அநியாயம்தான் என்னை உறுத்துகிறது.

பள்ளத்தை ஆழப்படுத்த நட் அரம் என்று தனியாக விற்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு, ஒரு செட் வாங்கும் காசில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம். நான் எடுப்பது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கேஸ் வெல்டிங் டிப் கிளீனர். சின்ன டப்பியில் சொரசொரப்பான கம்பிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடிமன். வெல்டிங் டார்ச்சின் மூக்கில் அடைப்பெடுக்கச் செய்தது. கிட்டாரில் மெல்லிய இ கம்பி 0.009 அங்குலம், அதாவது 0.23 மி.மீ. தடித்த இ கம்பி 0.042 அங்குலம், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் அதைவிட ஒரு மயிரிழை பெரிய கிளீனரை எடுத்து, சாவிப் பக்கம் சரிவு இருக்கும்படி இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். கம்பியை மாட்டிப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. அவசரம் ஆகாது. அறுத்த பள்ளம் திரும்ப வளராது. கடைசியில் பள்ளத்துக்குள் பென்சில் முனையால் கரியைத் தீற்றிவிட்டால் கம்பி சிக்காமல் வழுக்கும். டியூனிங் சாவி மோசம், அதை மாற்றித் தாருங்கள் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை சாவியில் இல்லை. கம்பி நட்டில் சிக்கி நிற்பதுதான்.

பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நட் போடுவதென்றால் எலும்பு. உலகத்தில் நல்ல கிட்டார்கள் பலவற்றிலும் எலும்பு நட்தான். தோல் வரும் ஊரில் எலும்புக்குப் பஞ்சம் இல்லை. எருமைக் கால் எலும்பின் கெட்டியான நடுப்பகுதியை ஹாக்ஸாவால் அறுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய சூட்டில் வைத்துக் கொழுப்பை எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தினால் அரத்துக்கு அழகாகப் பேசும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரம் வைத்தே தேய்க்க வேண்டும். இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு அறுத்த எலும்புத் துண்டு கடையிலேயே கிடைக்கிறது.

ஆனால் எந்த அளவில் வாங்குவது? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு கிட்டாரில் நட்டின் நீளம் 42 மி.மீ., இன்னொன்றில் 43. தடிமன் ஒன்றில் மூன்றரை மி.மீ., இன்னொன்றில் ஐந்து, மற்றொன்றில் ஆறு. வெர்னியர் வைத்திருக்கும் என்னைப் போன்றவன் கழற்றி அளந்து வாங்குவான். பதினாறு வயதுப் பையன் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவான். வந்தது உட்காராது. திருப்பி அனுப்ப நாள் கடந்திருக்கும்.

ஃபிரெட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் விரல்பலகை மரம் சுருங்கி, ஃபிரெட் முனைகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். மரத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சின்ன அரத்தால் முனையைச் சாய்வாகத் தேய்த்து, நைஸ் உப்புத்தாளால் முடித்தால் போதும். ஒரு சாயங்கால வேலை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகின் விலையுயர்ந்த கிட்டார்கள் பலவற்றின் விரல்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1995இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மரம் நம்முடையது, கை நம்முடையது, உருப்படிக்கு மட்டும் அளவு தெரியாமல் நிற்கிறோம்.

பன்னிரண்டாவது ஃபிரெட் சோதனையையும் பிள்ளைகள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். கம்பியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்வரம். அழுத்தி மீட்டினால் ஒரு ஸ்வரம். செல்போன் டியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி படிந்திருக்கும் சேடிலைப் பின்னால் இழுக்க வேண்டும். இறங்கிக் காட்டினால் முன்னால் தள்ள வேண்டும். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். இதைக்கூடச் செய்யாமல்தான் பல கிட்டார்கள் கடையை விட்டு வெளியே வருகின்றன.

இனி கரண்ட் சமாச்சாரம். தகட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. மூன்று பிக்கப், ஒரு வால்யூம் கன்ட்ரோல், இரண்டு டோன் கன்ட்ரோல், ஒரு கண்டென்சர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஜாக். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தவருக்கு இது அரை மணி வேலை. சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் கன்ட்ரோல், இரட்டைக் காயில் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது பொது வழக்கம். கன்ட்ரோலின் மேல் ஏ என்று இருக்கிறதா, பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வால்யூமுக்கு ஏ நல்லது. பி போட்டிருந்தால் குமிழை மெல்லத் திருப்பும்போது சத்தம் சீராகக் குறையாமல் கடைசியில் பொசுக்கென்று விழும். சத்தத்தைக் குறைத்தால் கிட்டார் மந்தமாகிவிடுகிறது என்பவர்கள், ஒரு நானோஃபாரட் கண்டென்சரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாக, வால்யூம் கன்ட்ரோலின் உள்காலுக்கும் வெளிக்காலுக்கும் குறுக்கே பத்தவைத்தால் கூர்மை அப்படியே நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரு டீயின் விலைகூட ஆகாது. பாடும் நடுவில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ஜாக்கின் நாக்கு தளர்ந்திருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு எங்களுக்கு ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னை ரிச்சி தெரு அதைவிடக் கொஞ்சம் தூரம். எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு இந்த இரண்டுமே போதும். ஆனால் அங்கேயும் அளவுதான் சண்டை. நல்ல அமெரிக்கக் கன்ட்ரோல் ஒன்றை வாங்கி வந்தால் அதன் கழுத்து ஒன்பதரை மி.மீ.; மலிவு கிட்டாரின் தகட்டில் துளை எட்டு மி.மீ.தான். ரீமர் வைத்துத் துளையைப் பெரிதாக்கினால் அடுத்து குமிழ் ஏறாது. ஒன்றின் தண்டு 6 மி.மீ., மற்றதன் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஒன்று பல்வெட்டியது, மற்றது வழவழப்பானது. பிரிட்ஜ் எடுத்துக்கொண்டால் ஆறு கம்பிகளின் மொத்த அகலம் ஒன்றில் 52 மி.மீ., ஒன்றில் 54, ஒன்றில் 56. சாவியின் துளை ஒன்றில் எட்டரை, ஒன்றில் பத்து. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கிட்டார் போலத்தான் தெரியும்.

பிக்கப்பில் கம்பி அறுந்துபோனால் மறுபடி சுற்றலாம். மல்டிமீட்டரில் ஆறேழு கிலோ ஓம் காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. இந்த வேலைக்கு உலகமெங்கும் சொல்வது 42 கேஜ் செம்புக் கம்பி, ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. அந்த 42 அமெரிக்கக் கேஜ். கம்பியின் தடிமன் 0.063 மி.மீ. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர்களும் கம்பிக் கடைக்காரர்களும் பேசுவது பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்றால் 0.1 மி.மீ. அந்தத் தடிமனில் எட்டாயிரம் சுற்றைக் கம்பி சுற்றும் கொட்டைக்குள் திணிக்கவே முடியாது. பிரிட்டிஷ் கணக்கில் 46 என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கேஜ் என்று எழுதாமல் வெறும் எண்ணை எழுதுவதால் எத்தனை பேர் காசைத் தொலைத்திருப்பார்களோ.

ஆம்பின், அதாவது ஆம்ப்ளிஃபயரின், சத்தத்தைக் கூட்டி வைத்தால் பிக்கப் கீச்சென்று சீழ்க்கை அடிப்பது இன்னொரு தொல்லை. காயிலின் சுற்றுகள் தளர்வாக இருந்து அதிர்வதுதான் காரணம். பிக்கப்பைக் கழற்றி, உருகிய மெழுகில் குமிழி வருவது நிற்கும்வரை மூழ்கவைத்து எடுத்தால் சுற்றுகள் இறுகிவிடும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் ஒட்டுப்போட்ட கிட்டாருக்கு இதைத்தான் செய்தார். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, 65 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடினால் பிளாஸ்டிக் கொட்டை வளைந்துவிடும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கிட்டாருக்குள் உயிரை எடுக்கும் மின்சாரம் கிடையாது. பயமில்லாமல் திறக்கலாம். ஆபத்து ஆம்பில் இருக்கிறது. கிட்டாரின் ஆறு கம்பிகளும் பிரிட்ஜ் வழியாக ஒரு ஒயரில் ஜாக்கின் கிரவுண்டோடு சேர்கின்றன. அங்கிருந்து கேபிளின் வெளியுறை வழியாக ஆம்பின் உலோகப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து மூன்று பின் பிளக்கின் எர்த்துக்கு. கம்பியைத் தொடுகிறவர் ஆம்பின் பெட்டியைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் துளையில் சொருகிய ஆம்பில், உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து பெட்டியில் பட்டால் 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வரும். கையில் கம்பி, உதட்டில் மைக். மைக் எர்த்தோடு சேர்ந்திருந்தால் மின்சாரம் உடம்பு வழியாக ஓடும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டு இறந்தார். 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரால் தன் வீட்டிலேயே இறந்தார். நம் வாடகை வீடுகளில் சுவரில் மூன்று துளை இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள். பிள்ளைக்குக் கிட்டார் வாங்கித் தரும் வீட்டில் அதுதான் முதல் செலவு. சபைகளும் கச்சேரி மேடைகளும் இதையே செய்ய வேண்டும். ஆம்பின் மூடியை மட்டும், வேலை தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சரில் மின்சாரம் நிற்கும்.

எர்த் சரியாக இருந்தும் ஊம் என்ற இரைச்சல் வந்தால், அது நம் 50 சைக்கிள் கரண்ட்டைப் பிக்கப் வாங்கிப் பாடுவது. பாடியின் குழிக்குள் செம்புத்தாள் ஒட்டி, தாளுக்குத் தாள் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பீப் கேட்டு, அதை கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் இரைச்சல் ஓரளவு அடங்கும். ட்யூப் லைட்டை அணைத்துப் பாருங்கள், மிச்சமும் குறையும்.

கிட்டார் ஸ்ட்ராப்புக்கு எங்கள் ஊரில் யாரும் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தோல் எடைக்குக் கிடைக்கிறது. ஷூவின் மேல்தோல் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், தனியாகப் போட்டால் இழுபடும். எங்கள் லைனில் தைக்கும் ஒரு அக்கா தன் மகனுக்காக இரண்டு துண்டை முதுகோடு முதுகு ஒட்டி, ஓரம் தைத்து, பொத்தான் மாட்டும் ஓட்டைகளில் மட்டும் மூன்றாவது அடுக்கு வைத்துக் கொடுத்தார். கிட்டார் கீழே விழுவதெல்லாம் அந்த ஓட்டை கிழிந்துதான் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். கிட்டாரைக் கையில் பிடித்தே அறியாதவர் அவர். இப்படிப்பட்ட கைகள் நிறைந்த ஊரில் கிட்டார் ஒன்று சீர்படாமல் கிடக்கலாமா?

பிரிட்டனின் குயீன் குழுவைச் சேர்ந்த பிரயன் மே, 1963இல் பள்ளி மாணவராக இருந்தபோது, கடைக் கிட்டார் வாங்க வசதியில்லாமல் அப்பா ஹெரால்டோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். நெக், ஒரு பழைய கணப்படுப்பு மாடத்தின் மரம். டிரெமோலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அதை முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையின் மேல் நின்று அவர் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான். மேதைகளுக்குத்தான் அது முடியும் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வீட்டில் இருந்தவை கைக்கருவி, அளவு தெரிந்த சாமான், கூட உட்கார ஒரு அப்பா. முதலும் மூன்றாவதும் நம்மிடம் உண்டு.

நாங்கள் தைக்கும் ஒவ்வொரு ஷூவின் பெட்டியிலும் ஐரோப்பிய அளவு 42, பிரிட்டிஷ் அளவு 8 என்று அச்சடித்திருக்கும். எந்த நாட்டில் வாங்குகிறவரும் காலைப் பார்த்து எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்வார். கிட்டார் பெட்டியின் மேல் படம் இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, நட் எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலையும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் வந்தபின், இறக்குமதிப் பொருளை இணையத்தில் விற்றால் எந்த நாட்டில் செய்தது என்று காட்ட வேண்டும். இவ்வளவையும் அச்சிடுகிறவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்க முடியாதா? நட்டின் நீளம், தடிமன்; பிரிட்ஜில் கம்பிகளின் அகலம்; சாவித் துளை; கன்ட்ரோல் துளை, தண்டு; பிக்கப்பின் நீள அகலம். இவை எல்லாம் தொழிற்சாலையில் ஏற்கெனவே வரைபடத்தில் உள்ள எண்கள். புதிதாக யாரும் அளக்க வேண்டியதில்லை.

2022 டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். இசைக்கருவியையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும் நரசிங்கப்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வாத்தியம் செய்யும் கைக்கு மரியாதை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். செப்பனிடும் கைக்கும் அந்த மரியாதை வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிட்டாரையும் ஒரு கீபோர்டையும் திறந்து காட்டும் பாடம் சேர்த்தால், அடுத்த ஆண்டே சின்ன ஊர்களிலும் ஒரு செப்பனிடும் கடை முளைக்கும். சனிக்கிழமை மாலைகளில் வந்து கற்றுத்தர என்னைப் போன்ற மெக்கானிக்குகள் தயார்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கிட்டாரைக் கழற்றும்போது ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, கிட்டாரின் பெயரோடும் மாடலோடும், வாங்கிய இணையக் கடையின் கருத்துப் பகுதியில் தமிழிலேயே எழுதிவிடுங்கள். அடுத்து வாங்கும் பிள்ளைக்கு அது போதும். புதிதாக வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் நட்டின் அளவையும் பிரிட்ஜின் அளவையும் கேளுங்கள். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.